நூல் வைத்து அளந்தேன்

கேள்வி: நியூயார்க்கில் இருக்கும் மகள், கோவையில் ஏறி சிங்கப்பூர் வழியாக வரச் சொல்கிறாள். அங்கிருந்து எவ்வளவு தூரம்?
– வாசகி, திருப்பூர்

பதில்: பேரனின் உலக உருண்டையில் தையல் நூலை இழுத்து வைத்துப் பார்த்தேன் அம்மணி. சிங்கப்பூரிலிருந்து நூல் வடதுருவத்தை உரசிக்கொண்டு நியூயார்க்கில் இறங்குகிறது! ஏறத்தாழ 15,300 கிலோமீட்டர். விமானமோ, மேற்கிலிருந்து வீசும் உயர்காற்று பின்னாலிருந்து தள்ளட்டும் என்று பெரும்பாலும் பசிபிக் மேலே சுற்றிப் போகும். எங்கும் நிற்காமல் 18 மணி நேரத்துக்கு மேல். கோவை–சிங்கப்பூர் நாலரை மணி நேரம் தனி. பல்லடத்துக்கு அவிநாசி வழியாகப் போகிற கதைதான். துபாயிலிருந்து நியூயார்க் சுமார் 11,000 கிலோமீட்டர், 14 மணி நேரம். முழங்கால் வலி உண்டென்றால் மகளிடம் இதைச் சொல்லுங்கள்.