கையால் வரைந்த தட்டா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

இத்தாலியின் அமால்ஃபியில் எல்லாக் கடையிலும் எலுமிச்சைப் படம் போட்ட ஒரே மாதிரி பீங்கான் தட்டுதான் தொங்குகிறது, சலேர்னோவில் இருக்கும் அரை நாளில் நிஜமான கைவேலை எங்கே வாங்கலாம் என்று கேட்டிருந்தீர்கள். நேராக வியத்ரி சுல் மாரேவுக்குப் போய்விடுங்கள். சலேர்னோவிலிருந்து ரயிலில் சில நிமிடம்தான். பீங்கானுக்கென்றே பெயர்போன ஊர். மதியம் பல கடைகளைச் சாத்திவிடுவார்கள், அதனால் காலையிலேயே போவது நல்லது.

ஒரே டிசைனில் இரண்டு தட்டுகளை எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். இலையின் வளைவும் காம்பின் நீளமும் அச்சு அசலாக ஒன்றாக இருந்தால் அது ஒட்டுப்படம், அதாவது அச்சடித்துத் தட்டில் ஒட்டிய படம். சந்தேகம் தீரவில்லையா, போன் கேமராவில் பெரிதாக்கிப் பாருங்கள். அச்சென்றால் பெரும்பாலும் பொடிப் பொடிப் புள்ளிகள் தெரியும். தூரிகை என்றால் கோடு ஓரிடத்தில் அடர்ந்து, இன்னோரிடத்தில் வெளிறியிருக்கும். அப்புறம் தட்டைத் திருப்புங்கள். 'வியத்ரி', 'திபிந்தோ ஆ மானோ' (கையால் தீட்டியது) என்று தூரிகையால் எழுதியிருந்தால் நல்ல அறிகுறி. வெறும் ஸ்டிக்கரை நான் நம்பமாட்டேன்.

கழுதை பொம்மை அந்த ஊரின் அடையாளம், சின்னதாக ஒன்று வாங்கலாம். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே வசிப்பவர் என்றால், ஒரே கடையில் 70 யூரோவுக்கு மேல் வாங்கும்போது வரியைத் திரும்பப் பெறுவதற்கான படிவம் கேளுங்கள், பாஸ்போர்ட் கையில் இருக்கட்டும்.

தட்டுகளைக் கைப்பையில் செங்குத்தாக, துணிகளுக்கு நடுவே செருகுங்கள். பெட்டியில் படுக்கவைத்துக் கொண்டுவந்த என் தட்டு மூன்று துண்டாகத்தான் வீடு சேர்ந்தது.