பத்துக் கன்றும் ஒரு நிழலும்

வணக்கம்.

அல்சூர்ப் பக்கத்து மரங்களைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் காம்பவுண்டுக்குள், வாசலை ஒட்டி ஒரு பெரிய தூங்குமூஞ்சி மரம் இருக்கிறது. போன மழையில் கிளை முறிந்து ஒருவருடைய கார் கண்ணாடி போய்விட்டது. அதை வெட்டிவிட்டு, பதிலுக்கு வேறெங்காவது பத்துக் கன்று நட்டுவிடலாம் என்கிறார்கள் சங்கத்தில். நான் எதிர்த்தேன். மரம் ஆக்சிஜன் தருகிறது, உச்ச நீதிமன்றம் அமைத்த குழுவே ஒரு மரத்துக்கு வருஷத்துக்கு 74,500 ரூபாய் மதிப்புப் போட்டிருக்கிறது என்றேன். "அதை மெயின்டனன்ஸில் கழித்துக்கொள்வீர்களா?" என்று ஒருவர் கேட்க, எல்லோரும் சிரித்துவிட்டார்கள். நான் பேசியது வெறும் சென்டிமென்ட்தானா? அடுத்த கூட்டத்தில் என்ன சொல்வது?

எஸ்., பெங்களூர்

அன்புள்ள எஸ்.,

சிரித்தவர்கள் மேல் கோபப்படாதீர்கள். அந்த எண் சங்கக் கூட்டத்துக்காகப் பிறந்ததில்லை. மேற்கு வங்கத்தில் ரயில்வே மேம்பாலங்களுக்காக 356 மரங்களை வெட்டுவது பற்றிய வழக்கில், 2021-இல் வெளியானது அந்த மதிப்பீடு. 74,500-இல் 45,000 ஆக்சிஜனுக்கு, 20,000 உரத்துக்கு. மொத்தத் தொகையை மரத்தின் வயதால் பெருக்க வேண்டும். ஒரு திட்ட அறிக்கையில் மரத்துக்கு நேராகப் பூஜ்யம் எழுதும் அதிகாரியை மடக்க இது உதவும். பக்கத்து ஃபிளாட்காரரை மடக்க உதவாது.

ஆக்சிஜனை முதலில் விட்டுவிடுங்கள். காற்றில் ஐந்தில் ஒரு பங்கு அதுதான். உங்கள் வாசல் மரம் போனால் யாருக்கும் மூச்சு முட்டப்போவதில்லை என்பது எதிரே உட்கார்ந்திருப்பவருக்கும் தெரியும். பலவீனமான வாதத்தை முதலில் வைத்தால் பலமானதையும் யாரும் காது கொடுத்துக் கேட்க மாட்டார்கள்.

பலமான வாதம் நிழல். பெங்களூர்த் தெருக்களிலேயே அளந்து பார்த்து 2013-இல் வெளியான ஓர் ஆய்வு இருக்கிறது. மரம் இருக்கும் தெருவில் பிற்பகல் காற்றின் வெப்பம் 5.6 டிகிரி வரை குறைவு. தார்ச்சாலையின் மேற்பரப்பு வெப்பமோ 27.5 டிகிரி வரை குறைவு. ஏப்ரல் மாதத்தில் மதியம் இரண்டு மணிக்கு செருப்பு தேய்ந்துபோன ஒருவருக்கு இந்த இரண்டாவது எண்ணை விளக்க வேண்டியதில்லை.

நீங்களே ஒரு நாள் மதியம் கீழே இறங்கிப் போய்ப் பாருங்கள். மரம் உங்கள் காம்பவுண்டுக்குள் இருந்தாலும், வாசலை ஒட்டி இருப்பதால் நிழலில் பெரும்பகுதி தெருவில்தான் விழும். எங்கள் தெருவில் அப்படி ஒரு நிழலில் இஸ்திரி வண்டி நிற்கிறது. கரிப்பெட்டிச் சூட்டில் நாள் முழுக்க நிற்கிற மனுஷன், திருவண்ணாமலைப் பக்கத்துக்காரர், வெயில் நகர நகர வண்டியையும் ஒரு முழம் ஒரு முழமாகத் தள்ளிக்கொண்டே போவார். சக்கரத்துக்கு அண்டை கொடுக்கும் கல்லைக் காலாலேயே நகர்த்துவார். கை, தேய்க்கிற சட்டையை விட்டு எழாது. சாயங்காலம் பார்த்தால் காலையில் நின்ற இடத்திலிருந்து ஒரு வீடு தள்ளி நிற்பார். அதே நிழலில் இளநீர்க் குவியல், பக்கத்தில் இரண்டு ஆட்டோ, மதியச் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கும் துப்புரவுப் பணியாளர்கள். மாநகராட்சிப் பூங்காக்கள் பல வருஷம் நடுப்பகலில் பூட்டியே கிடந்த ஊர் இது. தெருவோர நிழலுக்குப் பூட்டு கிடையாது.

இவர்களில் யாருக்கும் உங்கள் சங்கத்தில் ஓட்டு இல்லை. கார் வைத்திருப்பவருக்கு இருக்கிறது. பத்துக் கன்று என்ற கணக்கு அதனால்தான் எளிதாக நிறைவேறுகிறது. கன்றை எங்கே வேண்டுமானாலும் நடலாம்; ஊருக்கு வெளியே ஏதோ ஓர் ஏரிக்கரையில் நட்ட கன்று, பிழைத்து வளர்ந்தாலும், இஸ்திரி வண்டிக்கு நிழல் தராது. மரத்தின் மதிப்பை அது நிற்கும் இடத்திலிருந்து கழற்றி எடுத்துப் போக முடியாது என்பதுதான் என் கட்சி. அந்த இடத்தில் யார் நிற்கிறார்கள் என்று கேட்காத எந்தக் கணக்கையும் நான் நம்புவதில்லை.

இதற்காக எப்படியாவது மரத்தைக் காப்பாற்றுங்கள் என்று சொல்ல வரவில்லை. தூங்குமூஞ்சிக்குக் கிளை முறியும் குணம் உண்டு. உள்ளே கூடு விழுந்த அடிமரம் என்றால் நானே வெட்டச் சொல்வேன். ஆனால் மரம் ஏன் சாய்கிறது என்றும் பார்க்க வேண்டும். ஒரு மே மாத மழைக்கு மறுநாள் எங்கள் பக்கத்தில் வேரோடு விழுந்து கிடந்த மரம் ஒன்றைப் பார்த்தேன். வேர்ப்பக்கம் முழுக்க மண்ணும் நாரும் பிய்ந்து தொங்க, நடைபாதைப் பக்கம் மட்டும் ரம்பம் வைத்த மாதிரி நேர்கோடு. கேபிள் பள்ளம் தோண்டியவர்கள் வேரை அறுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். மிச்சத்தை சிமென்ட் பார்த்துக்கொண்டது. அடிமரம் வரை இறுக்கிப் பூசி வைத்திருந்தார்கள், தண்ணீர் இறங்க ஒரு விரல் இடம் இல்லை. டெல்லியில் மரத்தைச் சுற்றி ஒரு மீட்டருக்குக் கான்கிரீட் கூடாது என்று பசுமைத் தீர்ப்பாயம் 2013-லேயே உத்தரவு போட்டது. இங்கே டைல்ஸ் ஒட்டாமல் விட்டாலே பெரிய விஷயம்.

"அது வெளிநாட்டு மரம்தானே, போனால் போகட்டும்" என்றும் யாராவது ஆரம்பிப்பார்கள். தூங்குமூஞ்சி தென் அமெரிக்கப் பக்கத்திலிருந்து வந்ததுதான். மிளகாயும் அங்கிருந்துதான் வந்தது, சாம்பாரை யாரும் நிறுத்தவில்லை. மாதம் தவறாமல் ஏதாவதொரு மரம் பூக்கும்படி இந்த ஊரை அமைத்ததில் பெரும்பங்கு, 1908-இல் இங்கே வந்த ஜெர்மானியர் கிரும்பீகலுடையது. அவர் லால்பாக் தாவரவியல் பூங்காவைப் பார்த்துக்கொண்டவர். இன்றைக்கு இளஞ்சிவப்பாகப் பூக்கும் டபேபுயா மரங்களுக்குக் கீழே ஃபோட்டோ எடுக்கக் கூட்டம் அலைமோதுகிறது. பூக்காத பதினோரு மாதம் அதே மரத்தில் விளம்பரப் பலகையை ஆணி அடித்து மாட்டுகிறார்கள்.

மொத்தமாக வெட்டினால் இந்த ஊர் எழுந்து நிற்கும். 2016-இல் ஹெப்பாள் வரைக்குமான இரும்பு மேம்பாலத்துக்கு எண்ணூறுக்கும் மேற்பட்ட மரங்கள் போகும் என்றதும் ஜனங்கள் கைகோத்துத் தெருவில் நின்றார்கள்; 2017 மார்ச்சில் திட்டம் கைவிடப்பட்டது. உங்களுடையது போல ஒற்றை மரத்துக்கு அந்த யோகம் இல்லை. கடைப் பெயர்ப்பலகை தெரியவில்லை, இலை குப்பை, கார் மேல் காக்கை எச்சம் என்று அது தனியாகவே போகும்.

சரி, கூட்டத்துக்கு வருவோம். சொந்த இடத்து மரமானாலும் உங்கள் சங்கம் நினைத்த மாத்திரத்தில் வெட்ட முடியாது. 1976-ஆம் வருஷத்துக் கர்நாடக மரப் பாதுகாப்புச் சட்டப்படி மர அதிகாரியின் அனுமதி வேண்டும். அதனால் வெட்டலாமா கூடாதா என்ற ஓட்டெடுப்புக்கே போகாதீர்கள். அதிகாரியை வரவழைத்து மரத்தைப் பார்க்கச் சொல்வோம், காய்ந்த கிளைகளைக் கழிப்போம், அடியில் இருக்கும் சிமென்ட்டைப் பெயர்ப்போம் என்று முன்மொழியுங்கள். கார்க்காரரையும் பகைத்துக்கொள்ள வேண்டாம், கிளை கழிக்கும்வரை அவருக்கு வேறு பார்க்கிங் ஒதுக்கச் சொல்லுங்கள். பாதிச் சண்டை அதிலேயே அடங்கிவிடும்.

பார்த்துவிட்டு வெட்டித்தான் ஆக வேண்டும் என்று அதிகாரி சொன்னால் பத்துக் கன்றெல்லாம் வேண்டாம். அதே இடத்தில் ஒரு புங்கை போதும். குழி தோண்டும்போது மட்டும் கூட நில்லுங்கள். கீழே பேஸ்மென்ட் பார்க்கிங் கூரை இருந்தால், ஆள் உயர மண்கூட இல்லாத இடத்தில் நட்டுவிட்டு ஃபோட்டோ எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள்.