கடை பெயர் ஏன் ரகசியம்?

கேள்வி: பணவீக்கம் குறைந்துவிட்டது என்கிறார்கள். என் மளிகை பில் குறையவே இல்லை. அரசாங்கம் தனக்குப் பிடித்த எண்ணைப் போட்டுக்கொள்ள முடியாதா?
- ஒரு வாசகி, ஸ்ரீவில்லிபுத்தூர்

பதில்: பில் விஷயத்தில் சந்தேகம் வேண்டாம். பணவீக்கம் குறைந்தால் விலை இறங்கியது என்று பொருளில்லை. ஏறுகிற வேகம் குறைந்திருக்கிறது, அவ்வளவுதான்.

ஆனால் இரண்டாவது கேள்வி நியாயமானது. போட்டுக்கொள்ள முடியும், அர்ஜென்டினாவில் நடந்தது.

நானும் பணவீக்கக் கணக்குக்காக விலை விவரம் சேகரிக்கும் வேலை பார்த்தவன். அதே கடை, அதே ரக அரிசி, அதே அளவு எண்ணெய்ப் பாக்கெட் என்று குறித்துக்கொண்டு வருவோம். “என் கடை பேரை எங்கேயும் போட்டுட மாட்டீங்களே?” என்பார் கடைக்காரர். போட மாட்டோம், சட்டமே அப்படி. எந்தக் கடையில் விலை எடுக்கிறோம் என்பது தெரிந்தால், அந்தக் கடையில் மட்டும் விலையை அமுக்கிவிடலாம், பாருங்கள்.

அர்ஜென்டினாவில் கை வைத்ததும் சரியாக அங்கேதான். அந்த நாட்டுப் புள்ளியியல் நிறுவனமான இண்டெக்கில் விலைக் குறியீட்டைக் கவனித்தவர் கிராசியேலா பெவாக்குவா. உள்நாட்டு வணிகத் துறை அவரிடம் கடைகளின் பெயரைக் கேட்டது. அவர் தர மறுத்தார். 2007 தொடக்கத்தில் அந்தப் பதவியிலிருந்து அவரைத் தூக்கிவிட்டார்கள். பிறகு வருடக்கணக்கில் அரசு சொன்ன பணவீக்கம் 10 சதவீதத்தைச் சுற்றியே நின்றது. தனியார் கணக்கு 20-ஐத் தாண்டியது. அரசுக்கு இதில் பண லாபமும் உண்டு: பணவீக்கத்தோடு சேர்ந்து ஏறும் கடன் பத்திரங்களுக்குக் குறைவாகக் கொடுத்தால் போதுமே.

தனியாகக் கணக்குப் போட்ட பொருளாதார ஆலோசனை நிறுவனங்களுக்கு 2011-ல் ஆளுக்கு 5 லட்சம் பெசோ (அந்த நாட்டு நாணயம்) அபராதம். அவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? எண்களை எதிர்க்கட்சி எம்.பி.க்களிடம் கொடுத்தார்கள், எம்.பி.க்கள் சராசரி எடுத்து மாதாமாதம் அறிவித்தார்கள். எம்.பி.க்கு அபராதம் போட முடியாதல்லவா! நான் ரசித்துப் படித்த இடம் அது. 2013 பிப்ரவரியில் சர்வதேச நாணய நிதியம், பிழையான புள்ளிவிவரம் தந்ததற்காக அர்ஜென்டினாவைக் கண்டித்தது. வேறெந்த நாட்டுக்கும் அதற்கு முன் அப்படி நடந்ததில்லை. 2015 கடைசியில் ஆட்சி மாறி இண்டெக் தலைவராக வந்த ஹோர்ஹே டோடெஸ்காவும், அபராதம் கட்டச் சொல்லப்பட்ட ஆலோசகர்களில் ஒருவர்தான்.

நம் ஊரிலா? இங்கே பிரச்சினை வேறு மாதிரி: தாமதம். 2017-18 வேலைவாய்ப்புக் கணக்கெடுப்பு அறிக்கையைத் தேசியப் புள்ளியியல் ஆணையம் ஏற்றுக்கொண்ட பின்பும் அது வெளியாகவில்லை. 2019 ஜனவரியில் பி.சி. மோகனனும் ஜே.வி. மீனாட்சியும் ஆணையத்திலிருந்து விலகினார்கள். அது வெறும் வரைவு என்றது அரசுத் தரப்பு. தேர்தல் முடிவு வந்தது மே 23. அறிக்கை வந்தது மே 31. வேலையின்மை 6.1 சதவீதம், பத்திரிகையில் முன்பே கசிந்த அதே எண்.

அதனால் நான் எண்ணைவிடத் தேதியைத்தான் முதலில் பார்ப்பேன். சில்லறைப் பணவீக்கம் மாதம் 12-ஆம் தேதி வரும். விடுமுறை என்றால் அதையொட்டிய வேலை நாளில். காரணம் சொல்லாமல் அது தள்ளிப்போனால் எனக்கு மறுபடி எழுதுங்கள்.