23 வயதில் ஐடிஐ-யா?

போன வாரம் அருப்புக்கோட்டையிலிருந்து ஒரு குடும்பம் என்னிடம் படிப்பு ஆலோசனை கேட்டு வந்திருந்தது. பேசியதெல்லாம் அப்பாதான். மகன் 2020-ல் இன்ஜினியரிங்கில் எலக்ட்ரானிக்ஸ் சேர்ந்தவர். இப்போது 23 வயது, 11 அரியர். கூடப் படித்தவர்கள் சம்பளம் வாங்குகிறார்கள், ஒருவருக்குக் கல்யாணமே ஆகிவிட்டது. இவர் இரவெல்லாம் விழித்திருந்து பகலில் தூங்குகிறார். விசேஷ வீடுகளுக்கு வருவதில்லை. 'இப்ப என்ன பண்ற' என்ற கேள்விக்குப் பயம்.

கவலைப்படாதீர்கள் என்று ஆரம்பிக்கத்தான் இருந்தேன். அதற்குள் கோவை மாமாவின் யோசனை வெளியே வந்தது. பழைய படிப்பைத் தலைமுழுகிவிட்டு, ஒரு தனியார் பல்கலையில் மேனேஜ்மென்ட் கோட்டாவில் கம்ப்யூட்டர் சயின்ஸ், முதலிலிருந்து. பணத்துக்கு அம்மாவின் நகை, வீட்டுப் பத்திரம்.

ஐயா, அந்தப் பத்திரத்தைத் தொடாதீர்கள். நான்கு வருடம் வகுப்பில் உட்கார முடியாமல் தவித்தவரை இன்னும் நான்கு வருடம் உட்கார வைத்தால், 27 வயதில் கடனோடு இதே நாற்காலிக்குத்தான் வருவீர்கள். மாமா வட்டி கட்டப் போவதில்லை. அரியரா? அண்ணா பல்கலையின் இணைப்புக் கல்லூரிகளில் நான்கு வருடப் படிப்பை முடிக்க ஏழு வருடம் அவகாசம் உண்டு. எழுதுவதா விடுவதா என்று அவரே சொல்லட்டும்.

அம்மா தயங்கித் தயங்கி ஒன்று சொன்னார். தெருவில் யார் வீட்டு ஃபிரிட்ஜ் நின்றாலும் இவனைத்தான் கூப்பிடுகிறார்களாம். 'அது வெட்டி வேலை' என்றார் அப்பா. ரிலே போயிருக்கிறதா கம்ப்ரசர் போயிருக்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பீர்கள் என்று தம்பியிடம் கேட்டேன். அரைமணி நேரமாகக் குனிந்திருந்த தலை நிமிர்ந்தது. அப்புறம் அவரை நிறுத்தத்தான் கஷ்டப்பட்டேன்.

தமிழ்நாட்டு அரசு ஐடிஐ-களில், அதாவது தொழிற்பயிற்சி நிலையங்களில், ஆண்கள் 40 வயது வரை சேரலாம், பெண்களுக்கு உச்ச வரம்பே இல்லை. ஏசி, ஃபிரிட்ஜ் மெக்கானிக் டிரேடு இரண்டு வருடம், பத்தாம் வகுப்பு பாஸ் போதும். பயிற்சிக் கட்டணம் கிடையாது. மாதம் 750 ரூபாய் உதவித்தொகை, பஸ் பாஸ், சைக்கிள், சீருடை எல்லாம் உண்டு. முதலில் கரண்ட் வேலை. பிறகு செம்புக் குழாயை வெட்டி முனையை விரித்து ஃபிளேர் செய்வது, சூடாக்கி ஒட்டும் பிரேசிங் வைப்பது, நைட்ரஜன் ஏற்றிக் கசிவு பார்ப்பது, உள்ளே இருக்கும் காற்றை வேக்குவம் இழுத்து எடை போட்டு கேஸ் நிரப்புவது. தெருவில் பார்த்துக் கற்ற கைக்கு இந்தக் கடைசிப் பாடம் மிக அவசியம். இன்றைய ஸ்பிளிட் ஏசிகள் பலவற்றில் இருக்கும் ஆர்-32 என்ற கேஸ் தீப்பிடிக்கக் கூடியது, குத்துமதிப்பாக வேலை செய்ய முடியாது. முடித்தால் நாடு முழுக்கச் செல்லும் சான்றிதழ். அதன்மேல் ஒரு அப்ரென்டிஸ் பயிற்சி முடித்தால் ஆஸ்பத்திரி, குளிர்பதனக் கிடங்கு, டேட்டா சென்டர் என்று பெரிய இயந்திரங்கள் பக்கம் போகலாம். தொடக்கச் சம்பளம் சொல்லிக்கொள்ளும்படி இருக்காது. சித்திரை வெயிலில் மொட்டை மாடியில் நிற்க வேண்டும். அதையும் தம்பியிடம் சொல்லிவிட்டேன்.

தூக்கம் இப்படியே கெட்டுக் கிடந்தாலோ, 'நான் இருந்து என்ன' என்பது போல ஏதாவது சொன்னாலோ, படிப்புப் பேச்சை ஒதுக்கிவிட்டு 14416-க்கு அழையுங்கள். அரசின் இலவச மனநல உதவி எண் அது, தமிழிலேயே பேசலாம்.

'சின்னப் பசங்களோட உட்காரணுமா சார்?' என்றார் தம்பி. ஆமாம், அண்ணா என்று கூப்பிடுவார்கள், முதல் வாரம் கூச்சமாகத்தான் இருக்கும். பத்தாம் வகுப்பு முடிவு வருவதை ஒட்டி ஆன்லைன் விண்ணப்பம் தொடங்கும், பிறகு காலியிடங்களுக்கு நேரடிச் சேர்க்கையும் நடக்கும். அதற்குள் கல்லூரியில் டிசி-யும் அசல் சான்றிதழ்களும் வாங்க வேண்டும். அசலைக் கல்லூரி பிடித்து வைக்கக் கூடாது என்று இன்ஜினியரிங் கல்லூரிகளை ஒழுங்குபடுத்தும் ஏஐசிடிஇ சொல்லியிருக்கிறது. அங்கே தம்பி தனியாகவே போகட்டும் ஐயா, நீங்கள் கடையைப் பாருங்கள்.