ஏன் கத்தவில்லை என்று மட்டும் கேட்காதீர்கள்

கேள்வி: கொழும்பில் ஒரு வீட்டில் வேலைக்கு நின்ற என் தங்கை (வயது 22) மூன்று மாதத்துக்கு முன் தோட்டத்துக்கே திரும்பிவிட்டாள். அந்த வீட்டுக்கு வந்துபோகும் ஒருவர் தன்னைக் கெடுத்துவிட்டதாகப் போன மாதம்தான் என்னிடம் மட்டும் சொன்னாள். இரவில் தூக்கமில்லை. கொழுந்தெடுக்க வருவதில்லை. நாளுக்கு நாலு தடவை பீலியில் போய்க் குளிக்கிறாள். “நான் கத்தவே இல்லையே அக்கா, மரம் மாதிரிக் கிடந்தேனே” என்று அதையே சொல்கிறாள். விஷயம் தெரியாத அம்மா, காத்துக் கருப்பு என்று கோடாங்கியிடம் கூட்டிப்போகவும் சீக்கிரம் கல்யாணம் முடிக்கவும் பார்க்கிறார். நான் என்ன செய்வது?
(ஒரு அக்கா, ஹட்டன்)

பதில்: அந்த ‘மரம் மாதிரி’யில் இருந்தே தொடங்குகிறேன். உங்கள் தங்கையைத் தின்றுகொண்டிருப்பது அதுதான்.

பெரிய ஆபத்தில் மூளை நம்மைக் கேட்டுக்கொண்டு முடிவெடுப்பதில்லை. ஓடவும் முடியாது, எதிர்க்கவும் முடியாது என்று பட்டால் உடம்பை அப்படியே உறைய வைத்துவிடும். தொண்டை அடைக்கும், கைகால் அசையாது. தேயிலைக்குள் இருந்து திடீரென்று சிறுத்தை எழும்பியதைப் பார்த்தவர்கள் உங்கள் தோட்டத்திலும் இருப்பார்கள். “நின்ற இடத்திலேயே நின்னுட்டேன்” என்பார்கள். அவர்களிடம் யாரும் ‘அப்படியென்றால் சிறுத்தை பாயட்டும் என்று நின்றாயா’ என்று கேட்பதில்லையே. இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவைக்கு 1995இல் வந்த திருத்தமும், எதிர்த்துப் போராடிய காயம் இருந்தால்தான் சம்மதமில்லை என்று நிரூபிக்கலாம் என்றில்லை என்கிறது. இதை அவளுக்குப் பல தடவை சொல்ல வேண்டியிருக்கும். ஒரு தடவையில் இறங்காது.

அப்புறம், ‘கெடுத்துவிட்டார்’ என்ற சொல். எல்லோரும் சொல்வதுதான், உங்களைக் குறை சொல்லவில்லை. ஆனால் அதைக் கேட்கும் பெண் ‘நான் கெட்டுப்போனவள்’ என்றுதான் எடுத்துக்கொள்வாள். திரும்பத் திரும்பக் குளிப்பதிலும் அந்த எண்ணம் இருக்கலாம். குளிப்பதற்காக ஏசாதீர்கள். ‘அவன் உனக்குக் கொடுமை செய்தான்’ என்று பேசிப் பழகுங்கள்.

தூக்கமின்மை, கெட்ட கனவு, சின்னச் சத்தத்துக்கும் திடுக்கிடுவது, நடந்ததை முன்பின்னாகச் சொல்வது எல்லாம் இந்தக் காயத்தின் அடையாளங்கள். சொல்வது குழம்பியிருப்பதால் அது பொய்யாகிவிடாது. எல்லோரும் அழுவார்கள் என்றும் இல்லை. இதே கொடுமைக்கு ஆளாகி அமெரிக்காவின் பொஸ்டன் நகர ஆஸ்பத்திரிக்கு வந்த பெண்களைப் பற்றி 1974இல் எழுதிய ஆய்வாளர்கள் ஆன் பர்ஜஸும் லிண்டா ஹோம்ஸ்ட்ரோமும், சிலர் அழுது நடுங்கினார்கள், சிலர் ஒன்றும் நடக்காதது போல் அமைதியாக இருந்தார்கள் என்று குறித்தார்கள். பலருக்கு நாளாக ஆகக் குறையும். ஒரு மாதம் தாண்டியும் குறையாவிட்டால் மனவடு நோயா (PTSD, கொடுமைக்குப் பின் ஆறாமல் நிற்கும் மனக்காயம்) என்று வைத்தியர் பார்க்க வேண்டும். தங்கைக்கு மூன்று மாதமாகிவிட்டது, இனிப் பொறுத்துப் பார்க்க வேண்டாம்.

அன்றைக்கு அவளிடமிருந்து பறிபோனது தன் உடம்பின் மேல் அவளுக்கு இருந்த அதிகாரம். அதனால் எதையும் அவளைக் கேட்டே செய்யுங்கள். கட்டிப்பிடிப்பதற்கு முன்கூடக் கேளுங்கள். ‘முழுக்கச் சொல்’ என்று தோண்ட வேண்டாம். லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) ஒரு காம்பராவில் (அறையில்) பேசினால் நாலாவது காம்பராவுக்குக் கேட்கும், ஆகவே பீலிக்குப் போகும் வழியில் பேசுங்கள். ராத்திரி அலறி எழுந்தால் விளக்கைப் போட்டு, “இது நம்ம காம்பரா, நான்தான் அக்கா” என்று சொல்லி, குளிர்ந்த சுவரில் உள்ளங்கையை வைக்கச் சொல்லுங்கள். நினைவில் சிக்கிய மனம் இந்த நிமிடத்துக்குத் திரும்ப அது உதவும்.

கோயிலுக்குப் போக அவளே ஆசைப்பட்டால் தாராளமாகப் போகட்டும். கோடாங்கி முடியைப் பிடித்து ஆட்டுவது, வேப்பிலையால் அடிப்பது வேண்டாம். இன்னொரு ஆள் பலவந்தமாக அவள் உடம்பில் கைவைப்பதுதானே அது? கல்யாணத்தையும் தள்ளிப்போடுங்கள். கல்யாணம் இதற்கு மருந்தே இல்லை. அம்மாவிடம் ‘அவளுக்கு உடம்புக்கு முடியவில்லை, வைத்தியம் முடியட்டும்’ என்றால் இப்போதைக்குப் போதும். மற்றதைச் சொல்வதா என்பதைத் தங்கைதான் சொல்ல வேண்டும். பொலிஸில் முறைப்பாடு செய்வதும் அப்படித்தான்.

அரசாங்கப் பெரிய ஆஸ்பத்திரிகள் பலவற்றில் இதற்கென்றே ‘நட்பு நிலையம்’ (சிங்களத்தில் ‘மித்துரு பியச’) இருக்கிறது. மனநல கிளினிக்கும் உண்டு. இந்தக் காயத்துக்கென்றே கதைத்துச் செய்யும் சிகிச்சை இருக்கிறது, பெரும்பாலும் 8 முதல் 12 அமர்வுகள். தேவைப்பட்டால் செர்ட்ரலின் போன்ற மாத்திரை தருவார்கள், அது பைத்தியத்துக்கான மருந்து அல்ல. மொழி பெயர்க்கப் பக்கத்துக் காம்பராக்காரரைக் கூட்டிப்போகாதீர்கள், தமிழ் தெரிந்த தாதியைக் கேளுங்கள். கர்ப்பம், எச்ஐவி பரிசோதனைகளையும் அங்கேயே கேட்கலாம். பெண்களுக்கான உதவி எண் 1938.

‘செத்துப்போகலாம் போல’ என்று சொன்னால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. தனியே விடாதீர்கள். தேசிய மனநல உதவி எண் 1926. வீட்டில் களைநாசினிப் போத்தல் இருந்தால் இன்றே வெளியேற்றிவிடுங்கள்.

இதைப் படிக்கும் வேறு யாருக்காவது இது நடந்து 72 மணித்தியாலம் ஆகவில்லை என்றால் இப்போதே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கர்ப்பத்தையும் எச்ஐவியையும் தடுக்கும் மருந்து அதற்குள் தொடங்க வேண்டும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. அன்று உடுத்திய துணியைத் துவைக்காமல் காகிதப் பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். குளித்துவிட்டீர்களா, துவைத்துவிட்டீர்களா, பரவாயில்லை, அப்படியே போங்கள்.