அக்காவின் தாலிக்கொடி

கேள்வி: கனடாவில், ரொறன்ரோவின் ஸ்காபரோவில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறேன். யாழ்ப்பாணத்தில் இருக்கும் அக்காவின் மகனைச் சமையல் வேலைக்கு எடுக்க விருப்பம். மணிக்கு 18 டொலர் கொடுப்பேன். எல்எம்ஐஏ (வெளிநாட்டு ஆளை வேலைக்கு எடுக்க முதலாளி அரசிடம் வாங்கும் அனுமதி) எடுக்க என் கடைக்கு என்ன தகுதி வேண்டும்? மனுக் கட்டணத்துக்கு அக்கா தாலிக்கொடியை அடகு வைத்து 1,000 டொலர் அனுப்பிவிட்டார்.
(பெயர் வேண்டாம்)

பதில்: கடையின் தகுதியைக் கேட்கிறீர்கள், தம்பி. கடைசி வரியிலேயே அது போய்விட்டது.

அந்த 1,000 டொலரை ஆள் எடுக்கிற முதலாளிதான் கட்ட வேண்டும். வேலைக்கு வருகிறவனிடமோ அவன் வீட்டாரிடமோ வாங்கக்கூடாது. பிறகு சம்பளத்தில் கழிப்பதும் கூடாது. மத்திய அரசின் விதி அது. வெளிநாட்டுத் தொழிலாளரைப் பாதுகாக்க ஒன்ராறியோ மாகாணம் 2009இல் போட்ட சட்டமும் அதையே சொல்கிறது. பிடிபட்டால் ஒரு மீறலுக்கு 100,000 டொலர் வரை தண்டம் வரலாம், இனி வெளியிலிருந்து ஆள் எடுக்கவும் தடை போடலாம்.

"அக்காதானே, அவராகத்தான் தந்தார்" என்பீர்கள். எனக்கு எழுதுகிற எல்லோருக்கும் "அவராகத்தான்" தருகிறார்கள்! தம்பி கேட்டால் எந்த அக்கா மறுப்பார்? சாமத்தியச் சடங்கில் தாய்மாமனை முன்னுக்கு நிறுத்துவது படம் எடுக்கவா?

சரி, கடைக்கு வருவோம். கடை உண்மையாக நடக்கிறதா, சம்பளம் கொடுக்க வருமானம் இருக்கிறதா என்று கடதாசிகளைப் பார்ப்பார்கள். அரசின் வேலை விளம்பரத் தளமான ஜொப் பாங்கிலும் வேறு இரண்டு வழியிலும் தொடர்ந்து சில கிழமை விளம்பரம் போட வேண்டும். இங்கேயே தகுதியான ஒருவர் கேட்டு வந்தால் அவரை எடுக்கத்தான் அந்த விளம்பரம். மருமகனை முடிவு செய்துவிட்டுச் சும்மா போடுகிற விளம்பரம் பொய்க்கணக்கு. கடதாசிகளை 6 வருடம் பத்திரமாக வைத்திருக்கவும் வேண்டும்.

இவ்வளவும் செய்தாலும் உங்கள் 18 டொலர் எடுபடாது. வேலையில்லாதோர் 6 வீதமோ அதற்கு மேலோ உள்ள பெருநகரங்களில், சாப்பாட்டுக் கடை போன்ற இடங்களின் குறைந்த சம்பள மனுக்களை 2024 செப்டம்பர் 26 தொடக்கம் எடுப்பதில்லை. விதி வந்தபோதே ரொறன்ரோ அதில் மாட்டிக்கொண்டது. கூடிய சம்பளப் பிரிவில் போகலாம்தான். ஒன்ராறியோவில் 2025 ஜூன் 27 தொடக்கம் அதற்கு மணிக்கு 36 டொலராவது கொடுக்க வேண்டும். உங்கள் கடை தாங்குமா?

தாங்காது என்றால் மருமகனிடம் இன்றைக்கே சொல்லுங்கள். பாஸ்போர்ட்டை எடுத்து வைத்துக்கொண்டு உங்கள் போனுக்காகக் காத்திருப்பான். அதற்கு முதல் அக்காவுக்கு அந்த 1,000 டொலரை அனுப்பிவிடுங்கள், அடகுக்கடை வட்டியையும் சேர்த்து.