புரியவில்லை என்று சொல்ல ஒருவர்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நான் முதுகலை மாணவி. இளநிலை மாணவர்களின் கட்டுரைகளைப் படித்து உதவும்படி எங்கள் துறையில் கேட்டிருக்கிறார்கள். என் எழுத்திலேயே ஆயிரம் குறைகள் இருக்க, இது குருடும் குருடும் குருட்டாட்டம் ஆடிய கதையாகிவிடாதா? சான்றிதழ்கூடக் கிடையாதாம். சென்ற வாரம் ஒரு மாணவியின் முன்னுரையை நானே முழுவதும் மாற்றி எழுதிக் கொடுத்தேன், மிகவும் மகிழ்ந்தாள். எந்த அளவுக்குத் திருத்துவது சரி?

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

சான்றிதழ் விஷயத்தை விட்டுவிடுவோம். திருமூலர் அந்தப் பாடலில் சாடுவது குருட்டை நீக்காத குருவை. உங்களை யாரும் குருவாக அழைக்கவில்லை, சக மாணவியாகத்தான் அழைத்திருக்கிறார்கள். இந்த வேறுபாட்டைப் பற்றித்தான் நானும் சில நாட்களாக யோசித்துக்கொண்டிருந்தேன்.

ஆசிரியருக்குப் பாடம் முன்பே தெரியும். மாணவரின் வாக்கியம் பாதியில் தடுமாறினாலும், சொல்ல வந்தது இன்னதென்று அவரே ஊகித்து நிரப்பிக்கொண்டு, ஓரத்தில் ‘தெளிவில்லை’ என்று எழுதி மதிப்பெண்ணைக் குறைப்பார். மாணவர் அதைத் தண்டனையாகத்தான் எடுத்துக்கொள்வார். பக்கத்தில் அமர்ந்திருக்கும் சக மாணவி ‘இந்த இடம் எனக்குப் புரியவில்லை, என்ன சொல்ல வந்தாய்?’ என்று கேட்கும்போது அதில் பாசாங்கு இல்லை. உண்மையாகவே புரியாத ஒருவருக்கு விளக்க வேண்டியிருப்பதால் மாணவர் வாய் திறந்து பேசுவார். பேச்சில் வரும் வாக்கியம் பெரும்பாலும் தாளில் இருப்பதைவிடத் தெளிவாக இருக்கும். ‘இப்போது சொன்னாயே, அதையே எழுது’ என்பதற்கு மேல் நீங்கள் செய்ய வேண்டியது அதிகமில்லை. ஆகவே உங்களுக்குத் தெரியாததை மறைத்துக்கொள்ளாதீர்கள். இந்த வேலைக்கு நீங்கள் கொண்டுவரும் முதலே அதுதான்.

நியூயார்க் நகரப் பல்கலைக்கழகம் 1970-இல் பள்ளிப் படிப்பை முடித்த அனைவருக்கும் கதவைத் திறந்தபோது, கல்லூரி எழுத்துக்குப் பழக்கப்படாத மாணவர்கள் பெருமளவில் வந்தார்கள். ஆசிரியர்கள் அளிக்க முன்வந்த கூடுதல் உதவி வகுப்பறையின் நீட்சியாகவே தோன்றியதால் பலர் அதை நாடவில்லை. அப்போது உதவிக்குச் சக மாணவர்களின் பக்கம் திரும்பியவர்களுள் ஒருவர், அந்தப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த புரூக்ளின் கல்லூரியின் ஆங்கிலப் பேராசிரியர் கென்னத் புரூஃபி. சிந்தனை என்பதே உள்வாங்கப்பட்ட உரையாடல், எழுத்தோ அந்த உரையாடல் மீண்டும் வெளியே வருவது என்று அவர் 1984-இல் வாதிட்டார். இதை நான் முழுமையாக நம்புகிறேன். தன் பொருளைப் பற்றிப் பேச யாருமில்லாத மாணவருக்கு எத்தனை இலக்கண வகுப்பு நடத்தினாலும் எழுத்து வருவதில்லை.

நான் படித்த காலத்தில் வேறு துறை நண்பர் ஒருவர் என் கட்டுரைகளை என்னையே உரக்கப் படிக்கச் சொல்லிக் கேட்பார். கையில் பேனா இருக்காது. ஒவ்வொரு பத்தி முடிந்ததும் ‘அதனால்?’ என்று மட்டும் கேட்பார். பதில் சொல்ல முடியாத பத்திகளை நானே அடித்தேன். என் துறையில் அவருக்கு எதுவும் தெரியாது. தெரிந்திருந்தால் தலையசைத்திருப்பார், எனக்கும் பயனிருந்திருக்காது.

நீங்கள் செய்ததோ இதற்கு நேர்மாறானது. அந்தப் பெண் மகிழாமல் என்ன செய்வாள்? சுமையை இறக்கி வைத்தால் யார்தான் மகிழமாட்டார்கள்? அவள் பெயரில் உங்கள் எழுத்து சென்றிருக்கிறது. இது உதவியும் இல்லை, நேர்மையும் இல்லை. அடுத்த கட்டுரைக்கும் அவள் உங்களிடமே வந்து நிற்பாள். மாற வேண்டியவர் எழுதுகிறவர், அவர் எழுதிய தாள் அன்று என்று, மாணவர்களின் எழுத்துக்கு உதவும் மையங்களைப் பற்றிய கட்டுரை ஒன்றில் ஸ்டீஃபன் நார்த் என்ற அமெரிக்கப் பேராசிரியரும் அதே 1984-இல் எழுதினார். படித்தவர்களுக்கே உரிய ஒரு கை அரிப்பு இது. கண்ணில் பட்ட வாக்கியத்தை உடனே சரிசெய்தாக வேண்டும் நமக்கு. அடக்கிக்கொள்ளுங்கள்.

சந்திப்பிழை, ஒருமை பன்மை மயக்கம் போன்றவற்றைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். அடிக்கப்படவிருக்கும் பத்தியில் ஒற்றெழுத்தைச் சரிபார்த்து என்ன பயன்? திரும்பத் திரும்ப வரும் பிழை ஒன்றை மட்டும் ஓரிடத்தில் காட்டிவிட்டு, மற்ற இடங்களை அவர்களையே தேடச் சொல்லுங்கள்.

அன்புடன்